ஏட்டில் எழுதிய சங்கமே நிலைக்கும்

(விருத்தாசலத்தில் நடந்த உழவர் குழுக் கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



உழவியல் ஆசிரியன் பேச வந்தால் உரம், களை, பட்டம் ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு புத்தகத்தைப் பற்றி. உங்கள் குழுத் தலைவர் வீட்டு அலமாரியில் கணக்கு நோட்டுகளுக்கு அடியில் கிடக்கிறதே, அந்தத் தீர்மானப் புத்தகத்தைப் பற்றித்தான்.

கிராமங்களுக்குச் செல்லும்போது பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நாங்கள் எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள், மாமன் மச்சான்கள். எங்களுக்குள் எதற்குத் தீர்மானம், கையெழுத்து, பதிவேடு எல்லாம்? அதிகாரிகள் வந்தால் காட்டத்தானே?" என்பார்கள். இந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். அதற்காக உங்களை நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு காலத்துக்கு அழைத்துச் செல்லப் போகிறேன். அதற்கு முன் நம் ஊர்ப் பக்கத்து நிலைமை ஒன்றைப் பார்ப்போம்.

இருபது பேர் கொண்ட ஒரு குழு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மார்கழிப் பட்டத்து மணிலாவுக்கு விதையை மொத்தமாக வாங்கினால் மலிவு என்று முடிவு செய்கிறார்கள். ஓரிடத்தில் போதிய விதை கிடைக்காததால் இரண்டு இடங்களில் வாங்குகிறார்கள். வண்டி வந்து சேர்ந்த அன்று இரவோடு இரவாக மூட்டைகளைப் பிரித்துக்கொண்டு போகிறார்கள். விதைத்துப் பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஏழெட்டுப் பேர் வயலில் பாதி முளைப்புக்கூட இல்லை. எந்த மூட்டை எந்த இடத்து விதை? எந்த மூட்டை யாருக்குப் போயிற்று? ரசீது யாரிடம் இருக்கிறது? மூட்டையில் தைத்திருந்த சான்று அட்டை எங்கே? ஒருவருக்கும் தெரியாது. விற்றவரைக் கேட்க வழியில்லை. ஆகவே ஒருவரையொருவர் கேட்கத் தொடங்குகிறார்கள். ஒரு பருவத்து விதையோடு அந்தக் குழுவும் போய்விடுகிறது. இப்படிக் கலைந்த குழுக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததன்று. விதையும் செடியும் வரவழைத்து, பங்கிட்டு, பலனை அறிய முயன்ற சங்கங்கள் யாவும் இதைச் சந்தித்திருக்கின்றன. அவற்றில் ஒன்று நம் சென்னையிலேயே இருந்தது.

சென்னையில் ஒரு தோட்டக்கலைச் சங்கம்

1835-ம் ஆண்டில் சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1837-ல் இங்கிலாந்தில் விக்டோரியா அரசியாகப் பட்டம் ஏற்றார். அவர் 1901 வரை ஆண்டார். அந்த நீண்ட காலத்தை விக்டோரியா காலம் என்பார்கள். அறிவியல் சங்கங்கள் பெருகி வளர்ந்த காலம் அது.

சென்னைச் சங்கத்தின் தோட்டம் கதீட்ரல் சாலையில் இருந்தது. இன்று அங்கே செல்பவர்கள் செம்மொழிப் பூங்காவைப் பார்க்கலாம். சங்கத் தோட்டத்தின் ஒரு பகுதியாக இருந்து, பின்னர் பல ஆண்டுகள் ஓட்டல் நடந்த இடத்தில்தான் 2010-ல் அந்தப் பூங்கா அமைக்கப்பட்டது.

அந்தச் சங்கத்தில் ஈடுபட்டவர்களில் முக்கியமானவர் டாக்டர் ராபர்ட் வைட். படையில் மருத்துவராக 1819-ல் சென்னை வந்தவர். செடி கொடிகளை ஆராய்வதில் வாழ்நாளைக் கழித்தவர். பின்னர் 1850-களில் சங்கத்தின் செயலாளராக இருந்தவர் டாக்டர் ஹியூ கிளெக்கார்ன். இவரும் மருத்துவரே. சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாப்பு அலுவலராக 1856-ல் பொறுப்பேற்றவரும் இவரே.

கிளெக்கார்ன் செய்த ஒரு வேலையை நீங்கள் கவனிக்கவேண்டும். சங்கத் தோட்டத்தில் என்னென்ன செடிகள், மரங்கள் இருக்கின்றன என்று கணக்கெடுத்து, 1853-ல் ஒரு பட்டியல் புத்தகமாகவே அச்சிட்டார். நாட்டுச் செடிகள் எவை, வெளியிலிருந்து வந்து இங்கே பழகிப்போனவை எவை என்று அதில் பதிந்தார். நம் குழுக்களில் வைக்கச் சொல்கிறோமே, இருப்புப் பதிவேடு, அதுதான் இது. தோட்டத்தில் இருந்த செடி பட்டுப்போகலாம், மரம் சாயலாம், நிலமே கைமாறலாம். 1853-ல் சென்னையில் என்ன இருந்தது என்பதை அந்தப் பட்டியலைக் கொண்டு இன்றும் சொல்ல முடிகிறது.

அவர்கள் கூட்டம் நடத்திய முறை

அக்காலத்து அறிவியல் சங்கம் என்றதும் பெரிய கருவிகளும் ஆராய்ச்சிக் கூடமும் நம் கண்முன் வரும். ஆனால் சங்கத்தின் பெரும்பாலான வேலை மேசையின் மீது பேனாவால் நடந்தது. கூட்டம் நடந்த முறையைச் சொல்கிறேன். உங்கள் குழுக் கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில் சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைச் செயலாளர் படிப்பார். தவறு இருந்தால் உறுப்பினர்கள் அங்கேயே சொல்லவேண்டும். சரி என்று ஏற்றபின் தலைவர் கையெழுத்திடுவார். அடுத்து, வந்த கடிதங்கள் படிக்கப்படும். பிறகு, சங்கத்துக்கு வந்த பொருள்கள் அறிவிக்கப்படும். ஒரு பொட்டலம் விதையாக இருந்தாலும், ஒரு புத்தகமாக இருந்தாலும், கொடுத்தவர் பெயர் குறிப்பில் ஏறும். புதிதாகச் சேர விரும்புபவரை ஓர் உறுப்பினர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய வேண்டும். இவை முடிந்த பின்னரே கட்டுரை வாசிப்பும் விவாதமும் நடக்கும். ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்கூட்டத்தில் பொருளாளர் வரவு செலவை வைப்பார். அதைத் தணிக்கை செய்தவர்கள் தங்கள் கருத்தைச் சொல்வார்கள்.

இது வெறும் சடங்கு என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு படியும் ஒரு சண்டையைத் தடுக்க ஏற்பட்டது. சென்ற கூட்டக் குறிப்பைப் படிப்பதால், "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று பிறகு எவரும் சொல்ல முடியாது. கொடுத்தவர் பெயரை எழுதுவதால், விதை நன்றாக வந்தால் யாரிடம் மீண்டும் கேட்பது என்று தெரியும். மோசமாக வந்தால் யாரை விசாரிப்பது என்றும் தெரியும். இருவர் சொல்லி ஒருவரைச் சேர்ப்பதால், அவருடைய நடத்தைக்கு அந்த இருவரும் பொறுப்பாகிறார்கள்.

லண்டனில் உள்ள ராயல் சொசைட்டி, 1660-ல் தோன்றிய மிகப் பழைய அறிவியல் சங்கங்களில் ஒன்று. காலப்போக்கில் அறிவியலில் பெரிய ஈடுபாடு இல்லாத செல்வந்தர்களும் பெருமைக்காக அதில் சேர்ந்துகொண்டார்கள். உறுப்பினர் பட்டியல் நீண்டது, வேலை குறைந்தது. ஆகவே 1847-ல் விதியைத் திருத்தி, ஓர் ஆண்டில் 15 பேருக்கு மேல் வழக்கமான முறையில் தேர்ந்தெடுப்பதில்லை என்று வரையறுத்தார்கள். உழவே செய்யாதவர்கள் மானியத்துக்காகப் பெயர் கொடுக்கும் குழுக்கள் இந்த விதியை நினைவில் வைக்கவேண்டும்.

அதே சங்கத்தில் இன்னொரு நல்ல வழக்கம் 1830-களில் தொடங்கியது. ஒருவர் அனுப்பும் கட்டுரையை, அத்துறை அறிந்த வேறு சிலரிடம் கொடுத்து எழுத்து மூலம் கருத்துக் கேட்பார்கள். நல்ல கட்டுரை என்று அவர்கள் சொன்னால்தான் அச்சாகும். இன்றைக்கு எங்கள் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு முடிவை வெளியிட நாங்களும் இதே முறைக்குத்தான் உட்படுகிறோம். இந்தக் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்ட செயலாளர்களில் ஒருவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். 1854 முதல் 1885 வரை 31 ஆண்டுகள் செயலாளர் வேலை பார்த்தார். தம் சொந்த ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர், பிறர் கட்டுரைகளுக்குக் கடிதம் எழுதவும் தம் காலத்தைக் கொடுத்தார் என்றால், அந்த வேலையின் மதிப்பை எண்ணிப் பாருங்கள். நம் குழுக்களிலோ செயலாளர் பதவியை யார் தலையில் கட்டலாம் என்று பார்க்கிறோம்.

தோல்வியையும் எழுதிவைக்கவேண்டும்

டாக்டர் வைட் பற்றி மீண்டும் சொல்லவேண்டும். 1842 முதல் 1853 வரை அவர் கோயம்புத்தூரில் அரசாங்கத்தின் பருத்திப் பண்ணைகளைக் கவனித்தார். அமெரிக்கப் பருத்தியை இங்கே வளர்த்து இங்கிலாந்து ஆலைகளுக்கு அனுப்பவேண்டும் என்பது அன்றைய அரசாங்கத்தின் நோக்கம். அதற்காக அமெரிக்காவிலிருந்து பருத்தி விளைவிப்பவர்களைக்கூட வரவழைத்தார்கள். பல ஆண்டு முயன்றும் அப்பருத்தி நம் மானாவாரி நாட்டுப் பருத்தியின் இடத்தைப் பிடிக்கவில்லை.

இத்தனைக்கும் அந்த முயற்சி பற்றிய அறிக்கைகளும் கடிதங்களும் எழுதப்பட்டன, வாதங்கள் நடந்தன, அவை காப்பாற்றவும் பட்டன. பின்னாளில், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்க இனத்தைச் சேர்ந்த கம்போடியாப் பருத்தி வந்தது. அது கிணற்றுப் பாசனத்தில் நன்றாக வளர்ந்து கோயம்புத்தூர்ப் பகுதியில் பரவியது. ஓர் இனம் ஒரு நிலையில் தோற்றால் வேறு நிலையில் வெல்லக்கூடும். எந்த நிலத்தில், எந்தப் பட்டத்தில், எவ்வளவு தண்ணீரில் தோற்றது என்று எழுதி வைத்தவனுக்கே அடுத்த வழி தெரியும்.

நம்மிடம் உள்ள பெரிய குறை இதுதான். மணிலா நன்றாகக் காய்த்தால் ஊரெல்லாம் பேசுவோம். பொக்குக் காயாகப் போனால் வாய் திறக்கமாட்டோம். அடுத்த ஆண்டு அண்டை வீட்டுக்காரர் அதே விதையை, அதே நிலத்தில், அதே தேதியில் போட்டு ஏமாறுவார். உங்கள் தோல்விக்கு நீங்கள் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டீர்கள். அதை எழுதிவைத்தால் இருபது பேருக்குப் பயன்படும்.

கலப்படத்தைப் பிடித்த சங்கம்

இங்கிலாந்தில் உழவர்களுக்கென்று 1838-ல் ஒரு சங்கம் ஏற்பட்டது. 1840-ல் அரசியின் பட்டயம் பெற்று ராயல் வேளாண் சங்கம் ஆயிற்று. அனுபவமும் அறிவியலும் சேரவேண்டும் என்பதே அதன் கொள்கை. அந்தச் சங்கம் தனக்கென்று ஒரு வேதியியல் அறிஞரை அமர்த்தியது. உறுப்பினர்கள் தாங்கள் வாங்கிய உரத்தையும் பிண்ணாக்கையும் அவரிடம் அனுப்பிச் சோதித்துக்கொள்ளலாம். எது எங்கே வாங்கியது, என்ன விலை, சோதனையில் என்ன இருந்தது என்பவை ஏட்டில் ஏறின. கலப்படக்காரர்களுக்கு இந்த ஏடு பெரிய தொல்லையாக இருந்தது.

விதையிலும் அக்காலத்தில் கலப்படம் நடந்தது. முளைக்காத பழைய விதையையும், சூடேற்றி உயிர் போக்கிய விதையையும் நல்ல விதையோடு கலந்து விற்றார்கள். உயிரற்ற விதை முளைக்காது. ஆகவே கலப்படம் வயலில் தெரியாது, முளைப்புக் குறைவாக மட்டுமே தெரியும். இதை ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் குழு ஒன்று ஆராய்ந்து வெளிப்படுத்தியது. அதன்பின் 1869-ல் விதைக் கலப்படத் தடைச் சட்டம் அங்கே வந்தது. நம் நாட்டில் விதைச் சட்டம் வந்தது 1966-ல்.

ராயல் வேளாண் சங்கத்தின் வேதியியல் அறிஞராக இருந்த ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் 1889-ல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். ஓராண்டுக்கு மேல் நாடெங்கும் சுற்றிப் பார்த்து, 1893-ல் தம் அறிக்கையை வெளியிட்டார். இந்திய உழவன் தன் தொழிலில் கெட்டிக்காரன்; நல்ல உழவன் சில வகைகளில் இங்கிலாந்து உழவனையும் மிஞ்சுவான்; அவனுக்கு இல்லாதவை வசதிகளே என்ற கருத்தை அதில் தெரிவித்தார். ஓர் ஊரில் உள்ள நல்ல முறையை எழுதி அறிந்து அடுத்த ஊருக்குக் கொண்டு செல்லவேண்டும் என்பதும் அவர் வற்புறுத்திய ஒன்று. சங்கத்தின் ஏடு இருந்தால்தான் இது நடக்கும்.

ஏட்டில் இல்லாதவர்கள்

இவ்வளவும் பெருமையாகச் சொன்னேன். இனி அந்தச் சங்கங்களின் குறையையும் சொல்லவேண்டும்.

1784-ல் கல்கத்தாவில் ஏற்பட்ட ஆசியக் கழகம், இந்தியாவைப் பற்றி ஆராய ஏற்பட்டது. அதில் இந்தியர் ஒருவர்கூட 1829 வரை உறுப்பினராகச் சேர்க்கப்படவில்லை. பாதிரியார் வில்லியம் கேரி 1820-ல் அதே கல்கத்தாவில் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் இதில் மேலானது, இந்தியர்களையும் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நிலக்கிழார்களும் செல்வந்தர்களுமே. ஏர் பிடித்தவர்கள் அங்கே போகவில்லை. ராயல் சொசைட்டியில் 1841-ல் பம்பாய்க் கப்பல் பொறியாளர் அர்தசீர் குர்சேத்ஜி தேர்ந்தெடுக்கப்பட்டார்; அடுத்த இந்தியர், நம் கும்பகோணத்தில் படித்த கணித மேதை சீனிவாச ராமானுஜன், தேர்வானது 1918-ல். பெண்களை அந்தச் சங்கம் உறுப்பினராக ஏற்றது 1945-ல்தான்.

சென்னையிலும் அப்படியே. கூட்ட மொழி ஆங்கிலம். சந்தா கட்டக்கூடியவர்கள் அதிகாரிகளும் வணிகர்களும். ஆனால் அவர்கள் தோட்டத்துக்கு விதை எங்கிருந்து வந்தது? காட்டில் செடி பறித்துக் கொடுத்தவர் யார்? தோட்டத்தில் நீர் இறைத்தவர் யார்? அவர்களில் பெரும்பாலோர் பெயர் எங்கும் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. டாக்டர் வைட் தம் நூல்களுக்காகச் செடிகளின் படங்களை வரையச் செய்தார். அவருடைய பெரிய நூல் ஆறு தொகுதிகள். 1838 முதல் 1853 வரை வெளிவந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் கொண்டது. படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். அவர்கள் பெயரைப் படங்களில் பொறித்தார்கள். ஒரு செடி இனத்துக்கே வைட் கோவிந்துவின் பெயரைச் சூட்டினார். பெயர் எழுதப்பட்டதால்தான் அந்த இருவரைப் பற்றியும் இன்று விருத்தாசலத்தில் நாம் பேசுகிறோம். எழுதப்படாத ஆயிரம் பேர் மறைந்துபோனார்கள்.

ஆகவே உழவர் பெருமக்களே, பதிவேட்டில் பெயர் ஏறுவது சிறிய விஷயமன்று. மணிலாக் கொல்லையில் களை எடுப்பதும், செடி பிடுங்குவதும், காய் ஆய்வதும், விதைக்காக உடைத்துப் பொறுக்குவதும் பெரும்பாலும் பெண்கள். எத்தனை குழுக்களின் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கிறது? விதையைப் பார்த்ததும் பழுது சொல்லக் கூடியவர்கள் அவர்கள்தாம். அவர்கள் சொல்வதும் குறிப்பில் ஏறவேண்டும்.

ஏழு பேர் சட்டம்

அந்தக் காலம் நமக்கு விட்டுச் சென்ற பயனுள்ள பொருள் ஒன்று உண்டு. 1860-ம் ஆண்டின் 21-வது சட்டம், சங்கங்கள் பதிவுச் சட்டம். இலக்கியம், அறிவியல், தருமம் ஆகியவற்றுக்கான சங்கங்களைப் பதிவு செய்யவே அது பிறந்தது. அதன் விதிகள் சிலவற்றைக் கேளுங்கள்.

ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் பதியலாம். ஆண்டுதோறும் நிர்வாகக் குழுவினரின் பட்டியலைப் பதிவாளருக்குக் கொடுக்கவேண்டும். சந்தா மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி வைத்தவருக்கு வாக்குரிமை இல்லை. அவரை உறுப்பினராகவே கணக்கிடக்கூடாது. சங்கத்தின் நோக்கத்தை மாற்றுவதானால் பத்து நாள் முன்னதாக எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். ஐந்தில் மூன்று பங்கினர் வாக்களிக்கவேண்டும். ஒரு மாத இடைவெளி விட்டு மறு கூட்டத்திலும் அதே அளவு ஆதரவு வேண்டும். சங்கம் கலைந்தால் மிச்சமுள்ள சொத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ளக்கூடாது. வேறொரு சங்கத்துக்குக் கொடுத்துவிடவேண்டும்.

தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் உள்ளது 1975-ம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம். இதிலும் குறைந்தது ஏழு பேர் வேண்டும். நிர்வாகக் குழுவில் மூன்று பேருக்குக் குறையக்கூடாது. உறுப்பினர் பதிவேடும் கணக்கும் வைக்கவேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டம் கூட்டவேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிபவர்களுக்குக் கம்பெனிச் சட்டம் பொருந்தும். உழவர்கள் தனித்தனியாகச் சேர்ந்து தொடங்குவதானால் குறைந்தது பத்துப் பேர் வேண்டும். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதே அங்கு பொது விதி.

உங்கள் குழுவுக்கு ஐந்து ஏடுகள்

இனி நடைமுறைக்கு வருவோம். பெரிய அலுவலகம் வேண்டாம். நீள நோட்டு ஐந்து வாங்குங்கள்.

1. உறுப்பினர் பதிவேடு. பெயர், நில அளவு, மண் வகை, பாசன வசதி, சேர்ந்த தேதி. கணவன், மனைவி இருவரும் உழவு செய்தால் இருவர் பெயரும் வேண்டும்.

2. தீர்மானப் புத்தகம். பக்கங்களுக்கு முன்கூட்டியே எண் இடுங்கள். வந்தவர் கையெழுத்து முதலில். சென்ற கூட்டக் குறிப்பு அடுத்து. பிறகு புதுத் தீர்மானம். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிப் பின்னர் எழுதும் பழக்கம் கூடவே கூடாது. எதிர்த்துப் பேசியவர் பெயரையும் எழுதுங்கள். பின்னாளில் அவர் சொன்னதே சரியாக இருக்கலாம்.

3. ரொக்கப் புத்தகம். அன்றன்றைய வரவு செலவு அன்றே. ஒவ்வொரு செலவுக்கும் ரசீது எண். பணம் வைத்திருப்பவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் இன்னொருவர் என்று இருப்பது நல்லது. ஆண்டுக்கொருமுறை நிர்வாகத்தில் இல்லாத இருவர் கணக்கைப் பார்க்கட்டும்.

4. விதை, உரப் பங்கீட்டுப் பதிவேடு. வாங்கிய இடம், தேதி, ரகம், குவியல் எண், அட்டை நிறம், மூட்டை எண், யாருக்கு எவ்வளவு. வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை என்பது உங்களுக்குத் தெரியும். சான்று பெற்ற மணிலா விதையில் முளைப்புத் திறன் 70 சதவீதத்துக்குக் குறையக்கூடாது; சுத்தம் 96 சதவீதம் இருக்கவேண்டும்; ஈரம் 9 சதவீதத்துக்கு மிகக்கூடாது.

பங்கிடுமுன் ஒவ்வொரு குவியலிலிருந்தும் நூறு பருப்பைக் கை போன போக்கில் எடுங்கள். பொறுக்கி எடுத்தால் சோதனை பொய்யாகும். நனைத்துப் பிழிந்த சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பாருங்கள். பத்தாம் நாள் நல்ல முளை எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். 70-க்குக் குறைந்தால் மூட்டையைப் பிரிக்காமல் விற்றவரிடம் பேசுங்கள்; வேளாண்மை அலுவலருக்கும் தெரிவியுங்கள். விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பே விதை வாங்கினால்தான் இதற்கெல்லாம் நேரம் இருக்கும்.

ரசீது, அட்டை, காலி மூட்டை மூன்றையும் அறுவடை முடியும்வரை குழுவின் பெட்டியில் வையுங்கள். விதை வாங்கும் உழவரும் நுகர்வோரே, நுகர்வோர் மன்றத்தில் இழப்பீடு கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உரிமை இருக்கிறது. ஆனால் வாங்கியதற்குச் சான்று இல்லாதவர் அந்த உரிமையை எப்படி நிலைநாட்டுவார்?

5. பலன் பதிவேடு. விதைத்த தேதி, முளைப்பு, மழை நாள்கள், நோய், பூச்சி, காய் எடை. நல்லதும் கெட்டதும் ஒருசேர எழுதவேண்டும். எங்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிடும் புது ரகத்தைப் போட்டுப் பார்க்கும்போது, கால் ஏக்கரில் அதையும் பக்கத்துக் கால் ஏக்கரில் உங்கள் பழைய ரகத்தையும் போடுங்கள். இரண்டையும் தனித்தனியே நிறுத்து எழுதுங்கள். முந்திரியானால் மரத்துக்கு எண் போட்டு, மரவாரியாகக் கொட்டை எடை எழுதலாம். மூன்று ஆண்டு எழுதினால் எந்த மரத்தை வைத்துக்கொள்வது, எதை எடுத்துவிட்டு ஒட்டுக்கன்று வைப்பது என்று அந்த ஏடே சொல்லும்.

இந்த ஐந்தாவது ஏட்டை எங்களிடமும் காட்டுங்கள். நாங்கள் நிலையத்துப் பாத்தியில் பார்ப்பது ஓரிடத்து விளைச்சல். உங்கள் இருபது பேர் ஏட்டில் இருப்பது இருபது நிலத்து விளைச்சல். எங்கள் சிபாரிசு உங்கள் மண்ணில் தவறினால் அதை எங்களுக்கு எடுத்துக்காட்ட உங்கள் எழுத்துத்தான் உதவும். "போன வருடம் சரியாக வரலை சார்" என்று பொதுவாகச் சொன்னால் எங்களாலும் ஒன்றும் செய்ய இயலாது.

சூளையில் வெந்த பானை

நம் ஊர் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. செராமிக் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்கள் உங்கள் வீடுகளிலும் இருப்பார்கள். களிமண்ணைக் குழைத்து அச்சில் வார்த்துக் காயவைத்தால் உருவம் வந்துவிடுகிறது. ஆனால் சூளையில் வேகாதவரை ஒரு மழைக்குக்கூட அது தாங்காது. வாய்ப்பேச்சில் செய்த முடிவு அந்தப் பச்சை மண் உருவம். ஏட்டில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்திட்டது வெந்த பாண்டம்.

1868-ல் சைதாப்பேட்டையில் தோன்றிய வேளாண் பள்ளி 1906-ல் கோயம்புத்தூருக்குச் சென்று, 1971-ல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அங்கே பயின்றவர்களும் பயிற்றுவித்தவர்களும் எழுதிவைத்த ஏடுகளின் மேல்தான் எங்களைப் போன்றவர்கள் நின்று பேசுகிறோம். எழுதியவர்களில் பலர் இன்று இல்லை. எழுத்து இருக்கிறது. உங்கள் பாட்டனார் எந்தப் பட்டத்தில் எந்த மணிலாவைப் போட்டு எவ்வளவு எடுத்தார் என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? உங்கள் பேரப்பிள்ளைகளாவது சொல்லட்டும்.

வருகிற கூட்டத்தில் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். தலைவர் எழுந்து பேசத் தொடங்குமுன், "சென்ற கூட்டக் குறிப்பைப் படியுங்கள்" என்று நீங்கள் கேளுங்கள். குறிப்பு இல்லையென்றால், அன்றைக்கு முதல் பக்கத்தை எழுதத் தொடங்குங்கள். எழுதும் வேலைக்குப் பள்ளி இறுதி படித்த உங்கள் மகளையோ மருமகளையோ முன்மொழியுங்கள். வழிமொழிய ஊரில் பலர் இருப்பார்கள்.